சாமியம்மாள் வளர்க்கும் செத்த புழுக்கள்

குதிரை நின்றபடியே தூங்கும் என்கிறார்கள். எங்கள் சாமியம்மாள் அக்கா நடந்தபடியே தூங்குவாள். வெள்ளிமலையில் என் வண்டியின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தால், முதல் வளைவு வருவதற்குள் தலை சாய்ந்துவிடும். கச்சிராயபாளையம் இறங்குவதற்குள் எத்தனை வளைவு உண்டோ அத்தனை முறையும் அந்தத் தலை கதவில் போய் இடிக்கும். இடித்து இடித்துக் கதவுத் தகட்டில் ஒரு பள்ளமே விழுந்துவிட்டது. அக்கா மட்டும் விழித்ததில்லை. மடியில் இருக்கும் பிஸ்கட் டப்பாவை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருப்பாள். பள்ளத்தைக் காட்டிக் கேட்டால், "ஒன் வண்டி தகரம் மெலிசுடா வெற்றி" என்று சொல்லிவிட்டுத் திரும்பக் கண்ணை மூடிக்கொள்வாள்.

அந்த டப்பாவில் இருப்பது செத்த புழுக்கள். ஊரில் ஆடு வளர்ப்பார்கள், கோழி வளர்ப்பார்கள். எங்கள் அக்கா செத்த புழு வளர்க்கிறாள். அதையும் நைனார்பாளையத்துக் கரும்புக்காரர்கள் கல்யாணப் பத்திரிகை வாங்குவதுபோல இரண்டு கையால் வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

அக்காவுக்கு ஐம்பது வயது இருக்கும். முழங்காலைக் கேட்டால் எழுபது என்று சொல்லும். வெள்ளிமலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது வீடு. வீட்டுக்குப் பின்னால் யானை படுத்ததுபோல ஒரு கரும்பாறை. பாறையைத் தாண்டி சரிவில் ஒரு துண்டு மரவள்ளிக் காடு. சரிவின் அடியில் ஒரு ஊற்று, அதை ஒட்டி ஈரமான ஒரு கீழ்ப்பாத்தி. சொத்து இவ்வளவுதான். புருசன் பெயர் சின்னப்பையன். தலை முழுக்க நரைத்த சின்னப்பையன். நான் மாமா என்று கூப்பிடுவேன். அவர் பேசி நான் கேட்டதையெல்லாம் ஒன்றாகச் சேர்த்தால் ஒரு பீடி பற்றவைக்கிற நேரம் தேறும். மகள் சிவரஞ்சனியைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. மிச்சம் இவர்கள் இரண்டு பேர்.

கார்த்திகை பிறந்தால் எங்கள் மலையில் பாதி ஊர் குடகுக்குக் காப்பிப் பழம் பறிக்கப் போய்விடும். காட்டில் விளைச்சல் நன்றாக இருக்கிற வீட்டுக்காரர்கள் போகமாட்டார்கள். கிழங்கு போனவர்கள் போவார்கள். அக்கா கல்யாணமான வருசத்திலிருந்து போய்க்கொண்டிருந்தாள். அங்கே குளிர் எப்படி என்றால், பேசுகிற பேச்சு உறைந்து கீழே விழுந்து, மறுநாள் வெயிலில் உருகித்தான் காதுக்கு வந்து சேருமாம். அக்கா சொன்னது இது. நான் கொஞ்சம்தான் கூட்டியிருக்கிறேன். பழமூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு சரிவில் ஏறி ஏறி, முழங்காலில் தண்ணீர் கோத்துக்கொண்டது. போன வருசம் திரும்பி வந்தபோது வண்டியிலிருந்து இறங்க முடியவில்லை. மாமாவும் நானும் மூட்டை இறக்குவதுபோல இறக்கினோம். தரையில் கால் பட்டதும் அக்கா சொன்னாள்:

"இனிமே அந்த வண்டியில நான் ஏற மாட்டேன். ஏத்துனீங்கன்னா பொணமாத்தான் ஏத்தணும்."

ஏறாமல் இருக்கவேண்டும் என்றால் கிழங்கு விளைய வேண்டும். கிழங்கு விளைய வேண்டும் என்றால் வேர்ப்புழு சாக வேண்டும். அக்கா செத்த புழு வளர்க்கிற கதை இதுதான்.

வேர்ப்புழு தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வெள்ளையாக, கட்டைவிரல் தடிமனில், பழுப்புத் தலையோடு, வளைந்து சுருண்டு மண்ணுக்குள் படுத்திருக்கும். வேரைத் தின்னும், கிழங்கைத் தின்னும், கீழே சமவெளியில் கரும்பையும் விடாது. மேலே செடி வாடுகிறது என்று இழுத்துப் பார்த்தால் குடைக்கம்பி மாதிரி கையோடு வந்துவிடும். ஆழத்தில் கிடப்பதால் மருந்து அடித்தாலும் சரியாகப் போய்ச் சேராது. எங்கள் மலைப் புழுவுக்கு மருந்து அடித்தால் ஊறுகாய் தொட்டுக்கொண்டு சாப்பிடும்.

அக்கா கொஞ்ச காலம் சின்னசேலம் பக்கம் ஒரு சின்ன கம்பெனியில் பாத்திரம் கழுவுகிற வேலை பார்த்தாள். அங்கே புழுவைக் கொல்லும் புழு வளர்த்தார்கள். கம்பெனியை மூடினபோது, அங்கே வேலை பார்த்த தமிழ்மொழி மேடம் ஒரு டப்பாவில் நாலு செத்த புழுவைப் போட்டு, வளர்க்கும் முறையையும் சொல்லிக்கொடுத்து அனுப்பினார். பொறுமையான மேடம். சந்தேகம் வந்து எப்போது போன் போட்டாலும் எடுத்துப் பேசுவார்.

ஒருநாள் வண்டியில் வரும்போது அக்கா தூங்குவதற்குள் கேட்டுவிட வேண்டும் என்று கேட்டேன்.

"அக்கா, கண்ணுக்கே தெரியாத நூல்புழுன்ற. அது எப்பிடிக்கா இம்மாம் பெரிய வேர்ப்புழுவ சாவடிக்கும்?"

"அது எங்க சாவடிக்குது. அது வயித்துல ஒரு கிருமி குடியிருக்குது. நூல்புழு மண்ணுல தேடிக்கினு போயி, வேர்ப்புழுவோட வாய் வழியா, மூச்சு வுடுற ஓட்டை வழியா உள்ள பூந்துடும். உள்ள போயி அந்தக் கிருமிய கக்கிடும். கிருமிதான் சாவடிக்கும். ரெண்டு நாளு தாங்காது."

"அப்போ நூல்புழு லாரி. கிருமி சரக்கு."

"அப்பிடியே வெச்சுக்கோ."

"சரக்கு எறக்கினப்புறம் லாரி இன்னா பண்ணும்?"

"சாப்புடும். செத்த ஒடம்ப கிருமி கூழாக்கும். அந்தக் கூழையும் கிருமியையும் தின்னுக்கினு நூல்புழு குட்டி போடும். கூழு தீந்துபோச்சுன்னா, குட்டிங்க ஒவ்வொண்ணும் வயித்துல கொஞ்சம் கிருமிய ஏத்திக்கினு அடுத்த புழுவத் தேடிக் கெளம்பும்."

"லாரி இல்லாம சரக்கு மட்டும் போவாதா?"

"கிருமிக்குக் காலு ஏது. நூல்புழுவுக்கு கிருமி இல்லன்னா சாவடிக்கத் தெரியாது, சோறும் கெடையாது. ஒண்ண வுட்டு ஒண்ணு இல்ல."

"நீயும் மாமாவும் மாதிரின்னு சொல்லு. இதுல யாருக்கா கிருமி?"

வளைவு வந்துவிட்டது. கதவில் தலை இடித்த சத்தம்தான் வந்தது.

வேலை என்று பார்த்தால் கைக்குழந்தை நாலு பேரை வளர்ப்பதற்குச் சமம். முதலில் மெழுகுப்புழு வளர்க்க வேண்டும். தேன்பெட்டியில் அடையைத் துளைத்து நாசம் பண்ணுமே, அதே புழு. தவிடு, தேன், பழைய தேனடை எல்லாம் கலந்து அதற்கு ஆக்கிப் போட வேண்டும். முதலில் பிளாஸ்டிக் டப்பாவில் வைத்தாள். அந்தப் புழு பிளாஸ்டிக்கை முறுக்கு மாதிரி கடித்துத் துளைத்துக்கொண்டு வெளியே வந்து, அக்காவின் முகூர்த்தப் புடவைக்குள் கூடு கட்டியது. அதற்கப்புறம்தான் தகர டப்பா. எறும்பு வராமல் டப்பாவைத் தண்ணீர்த் தட்டுக்கு நடுவில் வைக்க வேண்டும். கழிசலைத் தினமும் தட்டிவிட வேண்டும். கொழுத்த புழுவாகப் பொறுக்கி, பழைய செத்த புழுவிலிருந்து நூல்புழு இறங்கின தண்ணீரில் நனைத்த தாளில் போட வேண்டும். இரண்டு நாளில் அத்தனையும் சாகும்.

செத்த புழு சிவந்துவிடும். சூளையிலிருந்து எடுத்த செங்கல் நிறம். எலி செத்தால் மூன்றாம் நாள் தெருவையே காலி பண்ணவேண்டி வரும். இது செத்தால் நாற்றமே இருக்காது. உள்ளே இருக்கிற கிருமி வேறு எந்தக் கிருமியையும் உள்ளே விடாதாம். அழுகல் கிருமி வந்து கதவைத் தட்டினால் துரத்தி அடித்துவிடுமாம். கறுத்து நாறினால் காரியம் கெட்டது என்று அர்த்தம்.

இன்னொரு அதிசயம், அந்தச் செத்த புழு லேசாக வெளிச்சம் விடும். மின்மினி அளவுக்கெல்லாம் இல்லை. கும்மிருட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து கண் பழகினால்தான் தெரியும். கிருமி விடுகிற வெளிச்சம் அது. வெளிச்சம் இருந்தால் உள்ளே கிருமி நல்லபடியாக இருக்கிறது என்று அக்கா தெரிந்துகொள்வாள். அதற்காகப் பட்டப்பகலில், குடகிலிருந்து கொண்டுவந்த கறுப்புக் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு, மூலையில் டப்பாவோடு உட்காருவாள். அந்த வீட்டில் இருக்கிற ஒரே கம்பளி அது. குண்டு போட்டாலும் உள்ளே போகாது. கண் பழக வேண்டும் என்று இருட்டில் உட்கார்ந்தால் அக்காவுக்கு என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். நான் வாசலில் நின்று ஹாரன் அடிப்பேன். மூலையில் கம்பளி மூட்டை ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்.

அக்கம்பக்கத்தில் கேலிக்குக் குறைவில்லை. பக்கத்து வீட்டுப் பச்சையம்மாள் தேன்பெட்டி வைத்திருக்கிறாள்.

"எங்க பொட்டியில வந்தா நாங்க நசுக்கிப் போடுற புழு. நீ அதுக்குத் தொட்டில் கட்டித் தாலாட்டுற. பேரு வெச்சுட்டியா சாமியம்மா?"

"வெச்சிருக்கேன். எல்லாத்துக்கும் பச்சையம்மான்னுதான் வெச்சிருக்கேன். கொழுகொழுன்னு இருக்குது பாரு."

பச்சையம்மாள் பிறகு ஒரு வாரம் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

இந்த வருசம் புரட்டாசியில் மழை கொஞ்சம் விட்டபோது மரவள்ளி வாட ஆரம்பித்தது. இங்கே ஒன்று, அங்கே ஒன்று. அக்கா தோண்டிப் பார்த்தாள். ஒரு செடிக்கு நாலைந்து புழு. என் கணக்கில் எழுதினால் நாற்பது என்று எழுதுவேன். இதை நான் கூட்டவில்லை. ஏற்கெனவே கரும்புக்காரர்களுக்குச் சொன்ன வாக்குக்காகப் புழு கொடுத்துக்கொண்டிருந்தாள். தன் காட்டுக்கு என்று கடைசியாகத்தான் ஒரு பெரிய ஈடு வளர்த்தாள். கையிருப்பு மெழுகுப்புழு அத்தனையும் அதில் போய்விட்டது. விதைக்கென்று தனியாக எடுத்து வைப்பதையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். அவ்வளவு அசதி.

அன்று காலை நைனார்பாளையத்துக்குப் போய் டப்பா கொடுத்துவிட்டு என் வண்டியில்தான் திரும்பினாள். வீட்டில் முறத்தில் ஈரத்துணி விரித்து, சிவந்த புழுக்களைப் பரப்பி வைத்திருந்தாள். வெயில் சாய்ந்ததும் காட்டில் புதைக்க வேண்டும். அதற்குள் வெளிச்சம் ஒருதரம் பார்த்துவிடலாம் என்று நாலு புழுவை எடுத்துக்கொண்டு கம்பளிக்குள் போனாள். போனவள் போனவள்தான்.

மாமா வந்து பார்த்தார். மூலையில் கம்பளி ஏறி இறங்குகிறது. முறத்தில் புழு ஈரமாகக் கிடக்கிறது. பாவம், தூங்கட்டும், இந்த வேலையை நாம் செய்துவிடலாம் என்று நினைத்தார். பேசாத மனிதர் மனசுக்குள் அன்பு வந்தால் அவர் ஒரு வேலையைத்தான் செய்வார்.

அந்த வீட்டில் சாமையோ தினையோ அவரையோ, மண்ணுக்குள் போகிற எதுவாக இருந்தாலும் அதற்கு ஒரே மரியாதைதான். பின்பக்கப் பாறையில் பரப்பி ஒரு வெயில் காட்ட வேண்டும். அடுப்புச் சாம்பல் போட்டுப் புரட்ட வேண்டும். அதற்கப்புறம்தான் மண். மாமாவின் அப்பா அப்படித்தான் செய்தார், அவர் அப்பாவும் அப்படித்தான். ஈரத்தோடு எதையாவது மண்ணில் போடுகிறவனை எங்கள் மலையில் சோம்பேறி என்பார்கள். மாமா சோம்பேறி இல்லை. முறத்தைத் தூக்கிக்கொண்டு போய் பாறையில் கொட்டி, ஒன்றின்மேல் ஒன்று படாமல் விரலால் தள்ளித் தள்ளிப் பரப்பினார். அந்தப் பாறையில் புரட்டாசி வெயில் எப்படி என்றால், தோசை ஊற்றினால் திருப்பிப் போடுவதற்குள் தீய்ந்துவிடும். பொழுது சாய்கிறவரைக்கும் காய விட்டார். அப்புறம் சாம்பலில் புரட்டி, ஒவ்வொரு செடியடியிலும் குழி பறித்து, இரண்டு இரண்டாக வைத்து, மண்ணை மூடித் தட்டிக்கொடுத்தார். சரிவு முழுக்கக் குனிந்தபடியே போனார்.

மறுநாள் காலையில் அந்தப் பக்கம் வேறொருவர் கிழங்கு மூட்டை ஏற்ற நான் போயிருந்தேன். அக்கா அப்போதுதான் எழுந்து வாசலுக்கு வந்தாள். பல வருசத்துக்கு அப்புறம் முழுத் தூக்கம் தூங்கின முகம். முறம் கவிழ்த்து வைத்திருப்பதைப் பார்த்தாள்.

"எல்லாம் பொதைச்சிட்டேன்" என்றார் மாமா. ஒரு வாரத்துக்கான பேச்சு அதிலேயே முடிந்துவிட்டது.

அக்கா சிரித்தபடி முறத்தை எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள்.

"முறத்துல எதுக்குச் சாம்பலு?"

"பொரட்டினேன்."

"எத?"

"புழுவத்தான். காயவெச்சுப் பொரட்டி வெச்சேன். ஈரமா கெடந்துச்சு."

"எங்க காயவெச்ச?"

மாமா பாறையைப் பார்த்தார். அக்காவும் பார்த்தாள். நானும் பார்த்தேன். அந்த நேரத்துக்கே பாறை சுட ஆரம்பித்திருந்தது.

வெயிலும் ஈரம் காய்வதும் நூல்புழுவுக்கும் ஆகாது, அதன் வயிற்றுக் கிருமிக்கும் ஆகாது. மேடம் முதல் நாளே சொன்னது அதுதான். அக்கா அதை மாமாவிடம் சொன்னதில்லை. எதை எப்படி விதைப்பது என்று அந்த வீட்டில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொண்டதே இல்லை. இரண்டு பேருக்கும் எல்லாம் தெரியும்.

அக்கா திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். வழக்கமாக அவள் திட்டினால் பாறையே ஒரு முழம் நகரும். அன்று முறத்தை வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள்.

"நீ ஏன் என்னை எழுப்பல?"

"தூங்கினு இருந்த."

அக்கா முறத்திலிருந்த சாம்பலைத் தட்டிவிட்டு, அதைத் திரும்பக் கவிழ்த்து வைத்தாள்.

கம்பளிக்குள் கொண்டுபோன நாலு புழு இருந்ததே என்று கேட்பீர்கள். அக்கா அவற்றின்மேல் படுத்துப் புரண்டு நசுக்கியிருந்தாள். அந்தக் கூழை வழித்துத் தண்ணீரில் போட்டு, மிச்சமிருந்த நோஞ்சான் மெழுகுப்புழுவை அதில் விட்டுப் பார்த்தாள். அவை கறுத்து நாறின. நாற்றத்தில் பச்சையம்மாளின் தேனீயெல்லாம் ஒருநாள் வேலைநிறுத்தம் செய்தன.

மேடத்துக்குப் போன் போட்டாள். போனை என் கையில் கொடுத்து, சத்தம் பெரிதாக வைக்கச் சொன்னாள்.

"எங்கிட்டயும் இல்ல சாமியம்மா. கம்பெனியில இருந்ததெல்லாம் போயிருச்சு. நீங்க காட்டுல தேடுங்க. உயிரோட இருந்த நூல்புழு ஒண்ணு ரெண்டு தப்பிச்சுப் போயி வேர்ப்புழுக்குள்ள பூந்திருந்தா, அந்தப் புழு செவந்து செத்துக் கெடக்கும். அது கெடச்சா போதும். டப்பாவுலயே வளந்து வளந்து நம்ம நூல்புழு சோம்பலாயிருச்சு. காட்டுல இருந்து எடுத்தது அதைவிட வேகமா இருக்கும்."

"காடு முழுக்கத் தோண்டச் சொல்றீங்களா மேடம்?"

"வாடின செடிக்கு அடியில பாருங்க."

பார்த்தார்கள். ஐப்பசியில் மழை நின்ற நேரமெல்லாம் பார்த்தார்கள். வாடின செடியாகப் பார்த்துத் தோண்டினார்கள். எல்லாப் புழுவும் வெள்ளையாக, சந்தோசமாக, என் மச்சானைப்போலத் தின்று கொழுத்துக் கிடந்தது. சிவப்பு ஒன்றுகூட இல்லை. அக்கா குனிவதும் நிமிர்வதும் பார்க்க முடியவில்லை. நிமிர்வதற்குக் களைக்கொத்தை ஊன்றிக்கொண்டு அரை நிமிசம் நிற்பாள். பிறகு தேடுவதை நிறுத்திவிட்டாள். கோபத்தில் நிறுத்தவில்லை. ஒருநாள் காலையில் போகவில்லை, அவ்வளவுதான்.

கார்த்திகை பிறந்தது. குடகுக்கு ஆள் சேர்க்கிற மேஸ்திரி சொல்லி அனுப்பினார். பெரிய வண்டி சின்னசேலத்தில் நிற்கும், மலைக்காரர்களை என் வண்டியில் இறக்கி விட வேண்டும். யார் யார் வருகிறார்கள் என்று கேட்டேன். சொன்ன பெயர்களில் சாமியம்மாள் பெயரும் இருந்தது. அன்றைக்கு எனக்குக் கேலி ஒன்றும் வரவில்லை.

புறப்படுகிற காலையில் அவர்கள் வீட்டு முன்னால் வண்டியை நிறுத்தினேன். பின்னால் ஏற்கெனவே பச்சையம்மாள் முதலான பத்துப் பதினைந்து பேர் மூட்டை முடிச்சோடு ஏறியிருந்தார்கள். வாசலில் இரண்டு பேர் துணியும் வைத்த பை தயாராக இருந்தது. மேலே மடித்து வைத்த கறுப்புக் கம்பளி. அக்கா பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள்.

"மாமா எங்கக்கா?"

"வழிக்கு அவிச்சு எடுத்துக்கினு போலாம்னு குச்சிக்கெழங்கு புடுங்கப் போயிருக்குது. நேரமாவுதுன்னா கேக்கல."

வழிச் சாப்பாட்டுக்கு மரவள்ளி பிடுங்குகிறவர் வாடின செடியைப் பிடுங்குவாரா. நல்ல பச்சையாக நிற்கிற செடியாகப் பார்த்து, ஊற்றை ஒட்டின கீழ்ப்பாத்திக்குப் போயிருந்தார். வாடின செடியையே தேடித் தோண்டிக்கொண்டிருந்ததால் அந்தப் பக்கம் இத்தனை நாளாக யாரும் போகவில்லை.

மாமா ஓடி வந்தார். மாமா ஓடி அன்றைக்குத்தான் பார்த்தேன். ஒரு கையில் கிழங்குக் கொத்து. இன்னொரு கை மூடியிருந்தது. அக்கா முன்னால் அதைத் திறந்தார். மண்ணோடு இரண்டு வேர்ப்புழு. இரண்டும் செங்கல் நிறம்.

அக்கா தொடவில்லை. முதலில் மூக்கைக் கொண்டுபோனாள். முகர்ந்தாள். திரும்ப முகர்ந்தாள்.

"நாறல" என்றாள். "எங்க கெடந்துச்சு?"

"கீப்பாத்தி. இன்னும் இருக்குது."

"அங்க வெச்சதுக்கு மட்டும் இன்னா பண்ணுன?"

மாமா யோசித்தார். "பலாமரத்து நெழல் பாறையில வுழுந்துச்சு. அந்த ஓரத்துல கெடந்தது சரியா காயல. கடைசியா அதுங்களத்தான் வாரினேன். சாம்பலும் தீந்துபோச்சு. அப்பிடியே கொண்டுபோயி கீப்பாத்தியில வெச்சேன். அரைகொறையா பண்ணிட்டோமேன்னு எனக்கு அன்னிக்கு மனசே சரியில்ல."

வண்டியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. பையிலிருந்து கம்பளியை உருவினாள். மாமா கையிலிருந்த இரண்டு புழுவையும் ஒரு மூடியில் வாங்கிக்கொண்டு, வீட்டு மூலையில் போய் உட்கார்ந்து தலையோடு போர்த்திக்கொண்டாள்.

"சீக்கிரம் சாமியம்மா" என்றாள் பச்சையம்மாள் வண்டியிலிருந்து. "குடகுல காப்பிப் பழம் பழுத்து, காஞ்சு, பொடியாவே ஆயிடும்."

"கண்ணு பழகணும், இரு."

நின்றோம். நான் வண்டியை அணைத்தேன். யாரோ இருமினார்கள். மாமா வாசற்படியில், கிழங்குக் கொத்தைக் கீழே வைக்கக்கூட மறந்து நின்றார்.

"தெரியுதா?" என்று கேட்டார்.

தூங்கிவிட்டாளோ என்று நினைத்தேன். அப்போது கம்பளிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"இருக்குது."

"நெசமாவா?"

"லேசாத்தான் இருக்குது. ரெண்டுலயும் இருக்குது."

பிறகு கம்பளியே பேசியது. "இத இன்னிக்கே தண்ணியில வெக்கணும். ஆனா குடுக்குறதுக்கு மெழுகுப்புழு ஒண்ணுகூட இல்ல."

பச்சையம்மாள் வண்டியின் பின்கதவில் சாய்ந்துகொண்டு சொன்னாள்: "எங்க ரெண்டாவது பொட்டியில பூந்துடுச்சு. நான் போயிட்டா எப்பிடியும் அது நாசந்தான். அடையோட எடுத்துக்கோ. எல்லாம் என் பேரு வெச்ச புள்ளைங்கதான."

மாமா கிழங்கைத் திண்ணையில் வைத்தார். அந்த வருசத்துக்கான மொத்தப் பேச்சையும் அப்போது பேசினார்.

"மேல பாதி போனது போனதுதான். அந்த நட்டத்துக்கு ஒரு ஆளு குடகு போயித்தான் ஆவணும். நான் போறேன். கீப்பாத்தியையும் மிச்சத்தையும் நீ பாரு. நீ ஏற வேணாம்."

கம்பளி அசையவில்லை. மாமா பையைத் திறந்து, அக்காவின் துணிகளை எடுத்து மடிப்புக் கலையாமல் கயிற்றுக் கொடியில் போட்டார். பூட்டை ஆணியில் மாட்டினார். பிறகு மூலைக்குப் போய் நின்றார். கம்பளி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. குறட்டைச் சத்தம் வாசல்வரைக்கும் கேட்டது.

குனிந்து, கம்பளிக்குள் கைவிட்டு, அந்த மூடியை மட்டும் மெல்ல எடுத்தார். அவள் புரண்டு நசுக்கிவிடாமல் இருக்க, ஈரத்துணி சுற்றி, நிழலில், தண்ணீர்த் தட்டுக்கு நடுவில் வைத்தார். கம்பளியின் ஓரத்தைக் கையில் பிடித்துப் பார்த்தார். விட்டுவிட்டு, பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"மாமா, குடகுக்குக் கம்பளி இல்லாமலா?" என்று கேட்டேன்.

"எடுத்தா முழிச்சுக்கும்."

முன்சீட்டில் அக்காவின் இடத்தில் வந்து உட்கார்ந்து கதவைச் சாத்தினார். வண்டியை எடுத்தேன். வெள்ளிமலை தாண்டி முதல் வளைவில் திரும்பினபோது கதவுப் பக்கம் சத்தம் கேட்டது. பார்த்தேன். மாமாவின் நரைத்த தலை, அக்கா போட்ட பள்ளத்தில் அளவெடுத்ததுபோலப் போய்ப் பொருந்தியிருந்தது. கச்சிராயபாளையம்வரைக்கும் அவர் விழிக்கவில்லை.